ஊர்சுற்றும் உரிமை யாருக்கு?

அண்மைக் காலமாக நமது இளைஞரிடையே ஒரு புதுக் கனவு பரவி வருகிறது. கணவனும் மனைவியுமாக இரு பாடகர்; அவர்களுக்கு ஒரு வான். வானுக்குள்ளே மடக்குக் கட்டில், சிறிய அடுப்பு, கூரையிலே சூரிய ஒளித் தகடு, மூலையிலே கிட்டார். இன்று மலையடிவாரம், நாளை கடற்கரை. வந்த ஊரிலே பாட்டு. பாட்டுக்குக் கிடைத்த காசிலே அடுத்த ஊருக்குப் பெற்றோல். வீட்டு வாடகை இல்லை, மேலதிகாரி இல்லை, மணிக்கூட்டுக்கு அடிமைப்பட்ட வேலை இல்லை. மேலை நாடுகளிலே இவ்வாறு வாழ்வோர் பலர் உண்டு. அவர்களுடைய படங்களைக் கைத்தொலைபேசியிலே பார்த்துப் பெருமூச்செறியும் மாணவரைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நாம் காண்கிறோம்.

அந்தத் தம்பதியர்மீது நமக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. பாடிப் பிழைப்பது கௌரவமான தொழில். நமது வழக்கு, அவர்களைக் காட்டி நமக்கு உபதேசம் செய்ய வருபவர்களோடுதான். ‘வீடு ஒரு சிறை, சாலையே விடுதலை’ என்கிறார்கள் ஒருசாரார். ‘பாருங்கள், வெளிநாட்டான் ஒரு வானோடு உலகைச் சுற்றிக் கலை வளர்க்கிறான், நம்மூர்க் கலைஞனோ பிரதேச செயலக வாசலிலே உதவிப் பணத்துக்குக் காத்து நிற்கிறான். அவனுக்கு முயற்சி இல்லை, துணிவு இல்லை’ என்கிறார்கள் மறுசாரார். முதலாவது கூற்று வன்னி மண்ணிலே நின்று சொல்லப்படும்போது கொடுமையாகிறது. இரண்டாவது கூற்று எந்த மண்ணிலே நின்று சொன்னாலும் பொய்.

ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைக்கும் தம்பதியர் தமிழருக்குப் புதியவர்களா? நமது இலக்கியத்தின் மிகப் பழைய குடும்பங்களுள் ஒன்று பாணனும் விறலியும் சேர்ந்த குடும்பமே. அவர்களுக்கு வண்டி கிடையாது. யாழும் வாத்தியப் பைகளும் அவர்களுடைய தோளிலே, பயணம் அவர்களுடைய காலிலே. ஆற்றுப்படை நூல்களை இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையிலே பாடஞ்சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவை பசியின் நூல்கள். பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனுக்கு எந்த வாசலுக்குப் போனால் சோறு கிடைக்கும் என்று வழி சொல்லும் நூல்கள். சிறுபாணாற்றுப்படையிலே ஒரு வீடு வருகிறது. கூரை இற்று வீழ்ந்த அடுக்களை. குட்டி ஈன்ற நாய். குப்பையிலே பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் கண்டால் நாணமென்று கதவை அடைத்துவிட்டு உண்ணும் குடும்பம். சாலையிலே விடுதலையைத் தேடி அந்தப் பாணன் புறப்படவில்லை. அந்த அடுக்களையிலிருந்து புறப்பட்டான். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமது ஆங்கில ஆய்வு நூலிலே பாணரைக் கிரேக்கம் முதலான நாடுகளின் பாடுநரோடு ஒப்பிட்டு, அவர்களை ஒரு சமுதாய நிலைமையின் விளைவாக நோக்கிக் காட்டினார். ஆயினும் நமது பாடப்புத்தகங்களிலே பாணன் இன்னமும் பொற்றாமரை சூடிய பாக்கியசாலியாகவே உலவுகிறான்.

வள்ளல்கள் மறைந்து, நிலவுடைமையும் கோயிலும் ஓங்கிய காலத்திலே பாணர் நிலை இன்னும் தாழ்ந்தது. திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் பெரியபுராணத்திலே வருகிறார்கள். சாத்தமங்கையிலே திருநீலநக்கர் இல்லத்தில் அவர்களுக்கு இராத்தங்க இடங்கேட்டவர் சம்பந்தரே. வேள்விக் குண்டத்தின் அருகே இடங்கொடுக்கப்பட்டது. வேள்வித் தீ சுழித்து ஓங்கியதாம். பக்தர்கள் இதிலே இறைவன் அருளைக் காண்கிறார்கள். நாம் காண்பது வேறு. ஓர் இசைக் குடும்பத்துக்கு ஓர் இரவு படுக்க இடங்கிடைத்தது அற்புதமாகப் பாடப்பட வேண்டியிருந்தது! (இன்னொரு கதையும் உண்டு. பார்வையற்ற யாழ்ப்பாணர் ஒருவர் அரசனைப் பாடி வடக்கே ஒரு மணல்வெளியைப் பரிசாகப் பெற்றார். அதனாலேயே யாழ்ப்பாணம் என்று பெயர் வந்தது என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை. கதை உண்மையோ பொய்யோ, ஊர்சுற்றிப் பாடியவன் பெயரைத் தாங்கிய நகரம், ஊர்சுற்றிப் பாடுபவனுக்குத் திண்ணை கொடுக்கவும் சாதி கேட்டது.)

கதையிலே பாணனுக்கு நிலம் கிடைத்தது. சட்டப் புத்தகத்திலே அவனுக்குக் கிடைத்தது சவுக்கும் சிறையும். இது தமிழ்நாட்டுக்கோ ஈழத்துக்கோ மட்டும் உரியதன்று. 1572இல் இங்கிலாந்திலே இயற்றப்பட்ட நாடோடிகள் சட்டம், பிரபு எவரையும் சேராத நடிகரையும் பாணரையும் போக்கிரிகளின் பட்டியலிலே சேர்த்தது. பிரபுவைச் சேர்ந்தவனாயின் அவன் கலைஞன், சேராதவனாயின் குற்றவாளி. கலைஞனுக்கும் குற்றவாளிக்கும் இடையிலுள்ள வேற்றுமையை இவ்வளவு நேர்மையாக எந்த விமர்சகரும் எழுதியதில்லை! 1824இன் ஆங்கிலச் சட்டம் கைரேகை பார்ப்பவரையும் கூடாரத்திலே படுத்துறங்குபவரையும் பிடித்தது. அந்த மரபிலேயே 1841இல் இலங்கையிலும் நாடோடிகள் கட்டளைச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போன பின்னரும் அது நமது சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை. இந்தியாவிலே 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே மனிதரைக் குற்றவாளியாக்கியது. 1952இல் அது நீக்கப்பட்டபோதும் பொலிசாரின் பார்வை நீங்கவில்லை.

நமது தீவிலே தெலுங்கு பேசும் குறவர் கூட்டமொன்று உண்டு. மகுடி ஊதிப் பாம்பாட்டும் கணவன். வாசல் வாசலாகக் கைரேகை பார்க்கும் மனைவி. கழுதையின் முதுகிலே மூட்டை. தாளிப்பனை ஓலையாலே கூடாரம். நமது இளைஞர் கனவு காணும் வாழ்க்கையை, சூரிய ஒளித் தகடு ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றோடும், வாழ்ந்தவர்கள் இவர்கள்தாம். அனுராதபுரப் பக்கத்திலும் அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் அவர்கள் பெரும்பாலும் குடியேறிவிட்டனர். அவர்களைப் பார்த்து எவராவது ‘ஆகா, என்ன சுதந்திரம்!’ என்று பெருமூச்செறிந்ததுண்டா? நாய் குரைத்தது, படலை மூடப்பட்டது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜாஸ் இசையிலே மேதையெனப் போற்றப்படும் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910இல் பெல்ஜியத்திலே ஒரு ஜிப்சிக் குடும்பத்திலே பிறந்தவர். இளம் மனைவியோடு பாரிஸ் நகரின் ஓரத்திலே வீட்டு வண்டி ஒன்றில் வாழ்ந்தார். அவர் இரவுகளிலே நடன மண்டபங்களில் வாசித்தார். மனைவி செயற்கைப் பூக்கள் செய்து விற்றாள். 1928இல் ஓரிரவு மெழுகுவர்த்தித் தீ அந்தப் பூக்களிலே பற்றியது. வண்டி எரிந்தது. அவருடைய இடது கையின் இரு விரல்கள் பழைய நிலைக்கு மீளவே இல்லை. எஞ்சிய விரல்களைக் கொண்டே அவர் புதிய வாசிப்பு முறை ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பது உலகறிந்த செய்தி. ‘துன்பத்திலே பூத்த கலை’ என்று இதைப் பாராட்டுவோர் உளர். கலைஞனின் மனைவி நள்ளிரவிலே, எளிதிலே தீப்பற்றும் பூக்களுக்கு நடுவே, ஏன் படுத்திருக்க நேர்ந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. அவரது ஒரு வருமானம் போதவில்லை. வண்டியே வீடாகவும் பட்டறையாகவும் களஞ்சியமாகவும் இருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பிரான்சிலே 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நாடோடிகளுக்கென்றே தனி அடையாளப் புத்தகம் வைத்தது. அங்க அளவுகளும் கைரேகையும் பதிந்த அந்தப் புத்தகத்தை ஊருக்கு ஊர் காட்டி முத்திரை பெறவேண்டும். 1940 ஏப்பிரலில் அவர்கள் நடமாடுவதே தடைசெய்யப்பட்டது, முகாம்களிலே அடைக்கப்பட்டனர். நாஜிகள் தோற்று, விடுதலை விழாக் கொண்டாடப்பட்ட பின்னரும் கடைசி ஜிப்சிக் கைதி முகாமிலிருந்து வெளியேற 1946 ஆயிற்று. பயணப் பத்திர முறையின் கடைசி எச்சம் 2017இலேதான் ஒழிந்தது. பிரித்தானியாவிலோ, இசைத் தம்பதியரான ஈவான் மக்கோலும் பெக்கி சீகரும் 1964இல், சார்ள்ஸ் பார்க்கருடன் சேர்ந்து, சாலைவாழ் மக்களின் குரலை வானொலியிலே ஒலிக்கச் செய்தனர். அதற்கு 58 ஆண்டுகளின் பின், 2022இல், அனுமதியின்றி ஒரு நிலத்திலே வண்டியை நிறுத்தி வசிப்போரின் வண்டியையே பறிமுதல் செய்யப் பொலிசாருக்கு அதிகாரமளிக்கும் சட்டம் அந்நாட்டிலே நிறைவேறியது. வான் வாழ்க்கையின் அழகைப் பாடும் படங்கள் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டிலே! அமெரிக்காவிலோ 2008இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டையும் ஓய்வூதியத்தையும் இழந்த முதியோர் வான்களிலே குடியேறி, பருவத்துக்குப் பருவம் பண்டகசாலைகளிலும் பண்ணைகளிலும் கூலிக்கு அலைவதை ஜெசிக்கா புரூடர் 2017இல் ஒரு நூலாக எழுதினார். வண்டி ஒன்றுதான். விரும்பி ஏறியவனுக்கு அது வாழ்க்கைமுறை. வீடிழந்து ஏறியவனுக்கு அது கடைசிப் புகலிடம்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் புகைவண்டியுமாகப் போக்குவரத்துத் தொடங்கியது. இந்தப் பாதை, தென்னிந்திய நாடகக் கொம்பனிகள் இலங்கைக்கு வந்த வழிகளுள் முக்கியமான ஒன்றாயிற்று. தலைமன்னாரிலிருந்து முருங்கன், மடு, செட்டிகுளம் என்று வன்னியின் தென்மேற்கு ஓரத்தைக் கீறிக்கொண்டு அது மதவாச்சிக்குப் போகும். நமது காலத்து வான் தம்பதியரின் உண்மையான முன்னோரைத் தேடுவோர், அந்தக் கொம்பனிகளிலே எஸ். ஜி. கிட்டப்பாவையும் கே. பி. சுந்தராம்பாளையும் காணலாம். செங்கோட்டையிலே பிறந்தவர் ஒருவர். கொடுமுடியிலே வறுமையிலே பிறந்தவர் மற்றவர். 1926இல் இலங்கை மேடையிலே இருவரும் இணைந்தனர். 1927இல் மணம் புரிந்தனர். ஊர் ஊராக ஒரே மேடையிலே பாடினர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அதன்பின் வாழ்நாள் முழுவதும் வெள்ளுடையே உடுத்தார் என்பதைப் பத்தினித் தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பேசுகிறார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்ததையும், பிரிந்திருந்த காலத்திலே சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களிலே நிறைந்திருக்கும் ஏக்கத்தையும் நிந்தனையையும் பற்றிப் பேசுவோர் குறைவு. மேடையிலே முருகனும் வள்ளியுமாக நின்றவர்களின் கணக்கிலே, பயணத்தின் செலவைப் பெரும்பாலும் வள்ளியே கொடுத்தாள்.

பெண் கலைஞரின் பயணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமற் போக முடியாது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குச் சின்னமேளமாக அழைத்துவரப்பட்ட பெண்களை, இரவிலே கண்கொட்டாமற் பார்த்தவர்களே பகலிலே வைதார்கள். மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடக நடிகையரோடு பழகி 2005இல் நூலெழுதிய அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர், நடிகையர் மேடையிலே படும் பாட்டைவிட மேடைக்குப் போகும் வழியிலே படும் பாட்டை உற்று நோக்கினார். இரவு நேரச் சாலையிலே நிற்கும் பெண் என்றால் உலகம் என்ன நினைக்கும் என்பதை அறிந்து, பிறர் கண்ணிலே படாதபடி வாகனத்துக்குள்ளே ஒரு வீட்டுச் சுவரை அவர்கள் எழுப்பிக்கொள்கிறார்கள். அந்த வானும் வீடுதான். உலகத்தைப் பார்ப்பதற்காக அமைந்த வீடன்று. உலகம் பார்க்காதிருப்பதற்காக அமைந்த வீடு.

செட்டிகுளம் என்ற பெயரை மேலே சொன்னோம். நாடகக் கொம்பனிகளின் பெட்டிகள் கடந்துபோன அந்தச் செட்டிகுளத்திலேயே, 2009இல், போரிலிருந்து உயிரோடு வெளிவந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்களுள் பெரும்பாலோர் மெனிக்பாம் முகாமிலே முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். டிசம்பர் வரை அவர்களுக்கு வெளியே நடமாடும் உரிமையே இல்லை. முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலே.

சாலையே வீடு என்று வன்னி மக்களிடம் சொல்ல வருபவர் சற்று நிதானிக்க வேண்டும். 1995 ஒக்டோபரிலே குடாநாட்டிலிருந்து புறப்பட்ட வெள்ளம் வன்னிக் காடுகளிலே கொட்டில் போட்டது. 2008இலும் 2009இலும் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஊர் ஊராக மக்கள் நகர்ந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியிலே கூரைத் தகரம், தறப்பாள், நெல் மூட்டை, தண்ணீர்க் கலன், கிழவி, கைக்குழந்தை. பெட்டிக்குக் கீழே படுக்கை, பக்கத்திலே பதுங்குகுழி. சக்கரத்தின்மேல் வீடு வைத்து வாழ்வது எப்படியென்று வன்னியிலே பத்து வயதுக் குழந்தையும் அறிந்திருந்தது. ஹார்மோனியத்தை ஏற்றுவதா, அரிசியை ஏற்றுவதா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். மத்தளமும் கரப்புடுப்பும் முடியும் புயமும் அடங்கிய கூத்துப் பெட்டிகள் வழியிலே விடப்பட்டதிலே வியப்பென்ன?

ஓடுவதற்கு முன்னர், இருக்கும் இடத்திலிருந்து போவதற்கும் பத்திரம் வேண்டியிருந்தது. தொண்ணூறுகளிலே வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவரைப் படையினரின் பாஸ் முறை கட்டிப்போட்டது. வன்னியை விட்டு வெளியேற விரும்பியவரிடம் விடுதலைப் புலிகளின் நிர்வாகமும் பாஸ் கேட்டது. பிரான்சின் ஜிப்சிக்கு ஓர் அரசின் முத்திரை போதும். வன்னியானுக்கு இரண்டு வேண்டியிருந்தன. போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள், வடக்கிலே பத்துப்பேர் கூடினால் யார், எதற்கு, என்ன பேசினீர்கள் என்ற விசாரணை வரும். இத்தகைய நாட்டிலே இரு கலைஞர் ஒரு வானிலே ஏறி, நினைத்த சந்தியிலே நிறுத்தி, நினைத்த பாட்டைப் பாடுவது என்பது துணிச்சலைப் பொறுத்த விடயமா?

இடம்பெயர்வு முடிந்துவிட்டதே என்பார்க்கு இன்னுமொன்று. 2017 ஜனவரி 31 முதல் கேப்பாப்புலவிலே பிலக்குடியிருப்பு மக்கள், தம் காணியைப் பிடித்திருந்த விமானப்படை முகாமின் வாசலிலே, சாலையோரத்திலே கூடாரமடித்து ஒரு மாதம் இரவும் பகலும் இருந்தார்கள். குழந்தைகள் அங்கிருந்தே பாடசாலைக்குப் போனார்கள். அதே ஆண்டு பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியிலே, ஏ9 வீதியோரத்திலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது. அவ்வழியே உல்லாசப் பயணிகளின் வான்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தன. சாலையிலே வாழ்ந்தவர் யார், சாலையைக் கடந்தவர் யார் என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம்.

‘வன்னிக் கலைஞனுக்கு முயற்சி இல்லை’ என்ற குற்றச்சாட்டு இனி. முள்ளியவளை, முல்லைத்தீவுப் பகுதிகளிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டை ஒட்டி வளர்ந்த கோவலன் கூத்தை, முல்லைமோடி என்று தனி மரபாகவே ஆய்வாளர் கூறுவர். காத்தவராயன் கூத்தின் சிந்துநடை வடக்கின் கிராமங்களெங்கும் ஒலித்தது. 1977, 1983 வன்செயல்களிலே விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மலையக மக்கள் தப்பிசையும் காமன் கூத்தும் உடைய மரபினர். கலைக்கு வறுமை இல்லை. ஆனால் இந்தக் கலைஞர்கள் எல்லாரும் கமக்காரரும் கூலிகளுமே. மாசியிலே அறுவடை முடிந்து, பங்குனி தொடங்கி ஆவணி வரை கோயில்களிலே திருவிழாவும் பொங்கலும் வரும். அப்போதுதான் கூத்து, அப்போதுதான் பாட்டு. உபயகாரர் வெற்றிலையோடு தரும் அச்சாரமும் விடிந்தபின் தரும் மீதியும், அண்ணாவியார் முதல் விளக்குப் பிடிப்பவர் வரை பங்கிட்டால், ஒருநாள் கூலிக்கு எட்டுமா? மாரியிலே என்ன செய்வது? ஆகவேதான் இங்கே ஊர்சுற்றும் கலை ஒரு முழுநேரத் தொழிலாக வளரவில்லை. மண்ணிலே ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் மறுகாலை மேடையிலே வைக்க முடிந்தது. மண்ணும் போயிற்று என்றால்?

குடாநாட்டிலிருந்து இசை நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின என்பது உண்மை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா அவற்றுள் தலையாயது. மயான காண்டம் மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பர். நாட்டிலே இரவு பாதுகாப்பாக இருந்த காலம் அது. விடிய விடிய ஆடலாம், லொறியிலே திரும்பலாம். எண்பதுகளிலே இரவு ஊரடங்குக்கும் ரோந்துக்கும் உரியதாயிற்று. 1989இலே வைரமுத்து மறைந்தார். 1990இலே காங்கேசன்துறை மக்களே தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்தக் கலை தானாகத் தேய்ந்தது என்று எழுதும் கட்டுரையாளர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒருமுறை பக்கத்திலே பக்கத்திலே எழுதிப் பார்க்கட்டும்.

போர் இல்லாத போதும் பயணத்துக்குப் பொருள் வேண்டும். 2022இன் எரிபொருள் நெருக்கடியிலே பங்கீட்டு முறை வந்தபோது தொடக்கத்திலே வாரத்துக்கு வானுக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று வகுக்கப்பட்டது. மிருதங்கத்தை மடியிலே வைத்துக்கொண்டு மனைவி பின்னே அமர, திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிளிலே போகும் கலைஞன் நமது நாட்டு வான் தம்பதியரின் உண்மை உருவம். அவனுக்கு 4 லீற்றர்.

நாடோடிக் கலைஞனை வாழவைக்க முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம். 1932இல் ஸ்பானியக் குடியரசு, கவிஞர் லோர்க்கா வழிநடத்திய மாணவர் நாடகக் குழுவான லா பர்ராக்காவுக்குப் பணமும் லொறியும் கொடுத்தது. படிப்பறிவற்ற கிராமங்களின் சந்தைவெளிகளிலே அவர்கள் மேடை விரித்தார்கள். பார்ப்பதற்குக் காசு கேட்கவில்லை. 1936இலே பாசிஸ்டுகள் லோர்க்காவைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது அந்த லொறியின் வலிமைக்குச் சான்று. நமது நாட்டிலும் அறுபதுகளின் இறுதியிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டபோது, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்தின் மெட்டுகளை ஏந்திக் கிராமங்களுக்குப் போனது. அதை அழைத்தது சங்கீத சபையன்று, போராடிய மக்கள். பேராதனையிலே சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போரும் இராவணேசனும் படித்தவரின் அவமதிப்பைப் போக்கின. அது பெருஞ்சேவை. ஆனால் கூத்துக்குக் கிடைத்த பட்டம் கூத்தனுக்குச் சோறாகவில்லை. கூத்தை ஆராய்ந்து கலாநிதியானவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு; கூத்தாடிய அண்ணாவிக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சான்றிதழும் உண்டு.

இந்தப் பொன்னாடையைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசவேண்டும். இதை வாசிக்கும் ஆசிரியர்கள் பலர் விழாக் குழுக்களிலே இருக்கிறார்கள். மண்டப வாடகைக்குக் கணக்குண்டு, பந்தலுக்கு உண்டு, ஒலிபெருக்கிக்காரர் முற்பணமின்றி வயரை இழுக்கமாட்டார், பிரதம விருந்தினருக்கு வாகனம் அனுப்புகிறோம். கலைஞருக்கு மட்டும் ‘கௌரவிப்பு’. கௌரவத்தைக் கொண்டு பஸ்ஸிலே ஏற முடியாது. அவர்கள் வந்த பஸ் கட்டணத்தைக் கூடத் தாமே கொடுத்துவிட்டு, மேடையிலே போர்த்திய துணியோடு இரவு கடைசி பஸ்ஸைத் தேடி நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்டுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

வேண்டுவது பெரிய அதிசயமன்று. பாடசாலைகளிலே சங்கீதமும் நாடகமும் பாடங்களாக உள்ளன. கிராமத்துக் கலைஞரை ஒரு தவணைக்கு இத்தனை நாள் என்று கூலி பேசி வகுப்பறைக்குள்ளே அழைத்தல் வேண்டும். பட்டமில்லை என்ற சுற்றறிக்கை குறுக்கே வருமானால், அந்தச் சுற்றறிக்கைக்கு எதிராக ஆசிரியர் சங்கங்கள் எழுதவேண்டும். மாகாண நிர்வாகத்திடம் எத்தனையோ வாகனங்கள் உள்ளன; கலைஞர் குழுக்கள் முறை வைத்துப் பயன்படுத்த ஒரு பஸ்ஸை ஒதுக்க முடியாதா? மாரிக் காலத்திலே, கூத்தும் இல்லாத, கூலியும் இல்லாத அந்த மாதங்களிலேதான் அது ஓடவேண்டும்: ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும். பாட்டுப் பாட எவரிடமும் அனுமதி கேட்காத நிலை வேண்டும். 1841இன் கட்டளைச் சட்டம், ஊர்சுற்றும் ஏழையை அச்சுறுத்தும் அதன் பிரிவுகளோடு, நூதனசாலைக்குப் போகவேண்டும். நாட்டை விட்டுப் போய்ப் பொருளீட்டும் உறவினர், கோயிற் கோபுரத்துக்கும் தேருக்கும் அனுப்பும் பணத்திலே ஒரு சிறு பங்கையேனும் தம் கிராமத்து மத்தளத்துக்கும் அனுப்பலாம். தேர் ஆண்டுக்கொரு முறைதான் ஓடும்.

வான் தம்பதியரைக் கனவு காணும் மாணவர்கள் கனவை விட்டுவிட வேண்டியதில்லை. தத்தம் ஊரிலே மிருதங்கமோ உடுக்கோ தப்போ வாசிப்பவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். சென்ற திருவிழாவுக்கு எப்படிப் போனீர்கள், எவ்வளவு தந்தார்கள், எப்போது வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். ஆசிரியர்கள் அந்தக் குறிப்புகளை அடுத்த விழாக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லட்டும். பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, கலைஞரின் கூலிக்கும் வழிச்செலவுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று, பொருளாளர் கணக்கை வாசித்து முடிக்குமுன் எழுந்து கேட்கட்டும்.